எக்ஸ்பாக்ஸில் வைஃபை இல்லையா? பழைய ரவுட்டரைத் தூசி தட்டுங்கள்

கேள்வி: மகனுக்காகப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கன்சோல் ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கினேன். வெள்ளை நிறம், முதலில் வந்த மாடல். அதில் வைஃபை கிடையாது என்பது வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது. ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது, டிவி மாடி அறையில். சுவரைத் துளைத்து வயர் இழுக்க வழியில்லை. கம்ப்யூட்டருக்கு வாங்கிய யுஎஸ்பி வைஃபை குச்சியைச் செருகிப் பார்த்தேன், கன்சோல் கண்டுகொள்ளவே இல்லை. விற்றவர், "ஒரிஜினல் அடாப்டர் போட்டால்தான் ஓடும், நானே வாங்கித் தருகிறேன்" என்கிறார். அவர் சொல்லும் விலை கன்சோல் விலையில் பாதிக்கு மேல். மலிவாக வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அந்த அடாப்டருக்கு இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள்.

முதலில் உங்கள் யுஎஸ்பி குச்சி. அதில் பழுது ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் என்றால் எந்த நிறுவனத்தின் குச்சியைச் செருகினாலும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். கன்சோலில் அதற்கு இடமே கிடையாது. 360-க்கு மைக்ரோசாஃப்ட் தானே விற்ற அடாப்டரை மட்டும்தான் அடையாளம் தெரியும். மற்றதையெல்லாம் வெறும் பிளாஸ்டிக் துண்டாகத்தான் பார்க்கும். 2005-ல் கன்சோலை வெளியிட்டபோது வைஃபையை உள்ளே வைக்காமல் தனிப் பெட்டியில் விற்றார்கள். 2010-ல் வந்த 'எஸ்' மாடலில்தான் அது உள்ளேயே வந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் கன்சோல் வாங்கி, வைஃபையும் வேண்டும் என்றவர்கள் தனியாக அதற்கும் அழுதார்கள். இன்று அதே அடாப்டர் பழைய சாமான் சந்தையில்தான் கிடைக்கிறது, போலிகளும் அதோடு கலந்தே கிடைக்கின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

இப்போது கன்சோலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். டெலிபோன் வயர் செருகும் துளையைப் போல, அதைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு துளை இருக்கும். அதுதான் லேன் துளை. முதல் மாடலிலிருந்தே அது உண்டு. உங்கள் கன்சோலுக்கு வைஃபை என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. காற்றில் வரும் வைஃபையைப் பிடித்து, ஒரு மீட்டர் வயர் வழியாக இந்தத் துளைக்குள் அனுப்பும் ஏதாவது ஒரு பெட்டி பக்கத்தில் இருந்தால் போதும். கன்சோல், தான் நேராக ரவுட்டரோடு வயரில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பெட்டிக்கு பிரிட்ஜ் என்று பெயர். கேள்வியெல்லாம் அந்தப் பெட்டி எது என்பதுதான்.

கடையில் கேட்டால் 'கேமிங் அடாப்டர்' என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். கறுப்பு, சிவப்பு, கூரான மூலைகள், அட்டையில் பாயும் புலி. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்றை வாங்கியவன்தான். ஒரு மாதத்தில் அது அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. திருகைக் கழற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் பலகை ஒன்று, அதில் ஒரு சிப், இரண்டு மெல்லிய ஆண்டெனா வயர்கள். என்னிடம் ஏற்கெனவே இருந்த, வைஃபையைத் தூரத்து அறைக்கு நீட்டித்துத் தரும் சாதாரண எக்ஸ்டெண்டரையும் திறந்தேன். அதே சிப், அதே எண். கூடுதலாகக் கொடுத்த காசு முழுவதும் புலிக்குத்தான் போயிருக்கிறது. 'கேமிங் லேன் கேபிள்' என்று தடித்த வயரைத் தலையில் கட்டுவதும் இதே கதை. உங்கள் கன்சோலின் லேன் துளை தாங்குவது விநாடிக்கு 100 மெகாபிட். சாதாரண கேட் 5இ வயர் அதைப் போலப் பத்து மடங்கை 100 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோகும். உங்களுக்குத் தேவை ஒரு மீட்டர்.

சரி, செலவே இல்லாத வழி. வீட்டில் எங்காவது பழைய ரவுட்டர் கிடக்கிறதா என்று தேடுங்கள். 802.11n என்று போட்டிருக்கும் பழைய 'என்' வகை ரவுட்டரே போதும். அதன் அடியிலோ பின்பக்கமோ உள்ள 'ரீசெட்' துளையில் குண்டூசியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியால் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும். லேன் வயரால் லேப்டாப்போடு இணைத்து, அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். உள்ளே 'ஆபரேஷன் மோட்' அல்லது 'வயர்லெஸ் மோட்' என்ற இடத்தில் 'கிளையண்ட்' அல்லது 'பிரிட்ஜ்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து, ஹாலில் உள்ள ரவுட்டரின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. 'ரிபீட்டர்' என்று மட்டும் இருந்தாலும் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. 'ஆக்சஸ் பாயின்ட்' என்று ஒரு வசதி இருக்கும், பெயரைப் பார்த்தால் இதுதான் என்று தோன்றும். அது நேர் எதிர். வயரில் வருவதை வைஃபையாக மாற்றுவது. நமக்கு வேண்டியது வைஃபையில் வருவதை வயருக்கு மாற்றுவது.

இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி இருந்தால் சண்டை வரும். அதனால் பழையதன் முகவரியின் கடைசி எண்ணை 250 என்பது போல மாற்றிவிடுங்கள், உள்ளே நுழையும் பாஸ்வேர்டையும் சேர்த்து. இத்தனைக்கும் பிறகு இணையவில்லை என்றால் ஹால் ரவுட்டரைச் சந்தேகப்படுங்கள். அது டபிள்யூபிஏ3 பாதுகாப்பில் மட்டும் ஓடினால் பழைய பெட்டிகளால் உள்ளே வர முடியாது, டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் திறந்திருக்க வேண்டும். மாடித் தளத்தைத் தாண்டி வர அதுதான் நல்லது.

இதில் எனக்கு எரிச்சல் வருவது எங்கே என்றால், இணைய நிறுவனங்கள் கொடுத்துவிட்டுப் போகும் ரவுட்டர்களில். ஐந்து வருடம் காசு கட்டியிருப்பீர்கள், பெட்டி உங்கள் வீட்டு மூலையில்தான் கிடக்கும். ஆனால் உள்ளே போனால் பாதி மெனுவை மறைத்து வைத்திருப்பார்கள். கிளையண்ட் வசதி அந்த சிப்பில் இருக்கும், உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாது. வாடிக்கையாளர் சேவைக்கு ஒருமுறை போன் செய்து கேட்டேன். நாற்பது நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு, "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் சார்" என்றார்கள். நான் கேட்டது வேறு ரவுட்டரைப் பற்றி! வேறு மென்பொருள் ஏற்றி இந்தப் பூட்டை உடைக்கலாம், ஓபன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி என்று இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் மாடல் எண்ணில் ஒரு எழுத்து பிசகினால் ரவுட்டர் செங்கல்லாகிவிடும். செங்கல்லானாலும் பரவாயில்லை என்றால் மட்டும் தொடுங்கள்.

பழைய ரவுட்டர் கிடைக்கவில்லை, அல்லது இந்த மெனு வேலையெல்லாம் நமக்கு ஆகாது என்றால், சுவர் பிளக்கில் நேராகச் செருகும் வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்குங்கள். புதிதாக வாங்குவதில் இதுதான் மலிவு. பெட்டியின் மேல் உள்ள விளம்பர வாசகத்தை நம்பாமல் படத்தை உற்றுப் பாருங்கள்: அடியிலோ பக்கவாட்டிலோ லேன் துளை இருக்கிறதா? மிக மலிவான சிலவற்றில் இருக்காது. அவை உங்களுக்குப் பயன்படாது. '1200', '3000' என்று பெட்டியில் போட்டிருக்கும் வேக எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லா அலைவரிசையின் காகித வேகத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு அது. உங்கள் கன்சோல் நூறைத் தாண்டி வாங்கப் போவதில்லை. டிவிக்குப் பின்னால் மட்டும் செருகாதீர்கள். டிவியின் உலோகத் தகடு சிக்னலைத் தின்றுவிடும். அறை வாசல் பக்கம் வைத்து மூன்று மீட்டர் வயர் விட்டால் வேகம் கண்ணுக்குத் தெரிந்தே கூடும்.

மின்சார வயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. ஜோடியாக வாங்க வேண்டும், வீட்டு வயரிங்கைப் பொறுத்து ஓடும் அல்லது ஓடாது. மலிவு என்று கேட்டீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

லேப்டாப் இருந்தால் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸில் நெட்வொர்க் இணைப்புகள் பட்டியலைத் திறந்து, வைஃபை மீது வலது கிளிக் செய்து, 'ப்ராபர்ட்டீஸ்' உள்ளே 'ஷேரிங்' என்பதில் டிக் போட்டு, லேன் வழியாகப் பகிரச் சொல்லுங்கள். லேப்டாப்பிலிருந்து கன்சோலுக்கு ஒரு வயர். கன்சோலுக்கு 192.168.137 என்று தொடங்கும் எண் கிடைத்தால் வேலை முடிந்தது. 'மொபைல் ஹாட்ஸ்பாட்' பட்டனைத் தட்டிவிட்டு ஓடவில்லை என்று சொல்லாதீர்கள், அது வைஃபையாக வெளியே விடுவதற்கு. லேப்டாப் தூங்கினால் கன்சோலின் இணையமும் தூங்கிவிடும் என்பதால் தினசரிக்கு இது தொல்லை. விடுதி அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் இதுவே நல்ல வழி. அங்கெல்லாம் வைஃபை பிடித்ததும் பெயர், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பக்கம் திறக்கும். அதை லேப்டாப்பில் நிரப்பிவிட்டால் கன்சோலும் பின்னாலேயே உள்ளே போய்விடும்.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. இணைக்கும் முன் பாருங்கள், இணைத்த பிறகு பார்த்துப் பயனில்லை. கன்சோலை ஒருவரிடம் வாங்கினேன் என்கிறீர்கள். அவர் கூடவே ஹார்ட் டிஸ்க் நிறைய கேம் போட்டுக் கொடுத்தாரா? டிஸ்க் இல்லாமலே நாற்பது, ஐம்பது கேம் ஓடுகிறதா? கன்சோலை ஆன் செய்ததும் மைக்ரோசாஃப்டின் திரைக்குப் பதிலாக 'அரோரா', 'ஃப்ரீஸ்டைல்' என்று வேறு பெயரில் ஒரு திரை வருகிறதா? அப்படியென்றால் அது பூட்டு உடைத்த கன்சோல். தொழிலில் இதை ஆர்ஜிஎச், ஜேடேக் என்பார்கள். அதை மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவில் இணைத்தால் கண்டுபிடித்து அந்தப் பெட்டிக்கே தடை போட்டுவிடுவார்கள். புதுக் கணக்கு திறந்தாலும் தடை போகாது, ஏனென்றால் தடை கணக்குக்கு அல்ல, பெட்டிக்கு. 2009 நவம்பரில் இப்படி ஒரே வீச்சில் ஏராளமான கன்சோல்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். அவற்றில் பல அதன் பிறகு இரண்டாம் கைக்கு விற்கப்பட்டன. விற்கிறவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

திரை சரியாகவே இருந்தாலும் முழுக்க நம்பிவிட முடியாது. டிஸ்க் டிரைவை மட்டும் மாற்றியமைத்த கன்சோல்கள் வெளியே பார்க்க அசலாகவே இருக்கும். கூடக் கொடுத்த டிஸ்க்குகளைப் பாருங்கள். மார்க்கர் பேனாவில் கேம் பெயர் எழுதிய வெள்ளை டிஸ்க்குகள் என்றால் இந்த ரகம்தான். இவற்றில் எதுவாக இருந்தாலும் அடாப்டர், எக்ஸ்டெண்டர் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். விற்றவர் அடாப்டர் விற்க இவ்வளவு அவசரப்படுவதைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. அடையாளம் எதுவும் தெரியவில்லை என்றால், காசு செலவாகாத லேப்டாப் வழியில் முதலில் இணைத்துப் பாருங்கள். ஏற்கெனவே தடை விழுந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

2024 ஜூலை 29-லிருந்து 360-க்கான ஆன்லைன் கடையை மூடிவிட்டார்கள் என்பதும் மகனுக்குத் தெரியட்டும். புது கேமை அதில் வாங்க முடியாது. டிஸ்க்கில் வாங்கியதை, அதன் சர்வர் இன்னும் ஓடுகிறது என்றால், மற்றவர்களோடு சேர்ந்து ஆடலாம்.

எல்லாம் இணைத்ததும் கன்சோலில் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க் செட்டிங்ஸ், வயர்டு நெட்வொர்க் என்று போய் 'டெஸ்ட் எக்ஸ்பாக்ஸ் லைவ் கனெக்ஷன்' கொடுங்கள். வயர்டு என்று இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், கன்சோலைப் பொறுத்தவரை அது வயர்தான். இணைகிறது, ஆனால் என்ஏடி (வீட்டு முகவரியை வெளி இணைய முகவரியாக ரவுட்டர் மாற்றும் வேலை) 'ஸ்ட்ரிக்ட்' என்று எச்சரிக்கை வருகிறது என்றால், பழைய ரவுட்டரைப் பெரும்பாலும் 'டபிள்யூஐஎஸ்பி' முறையில் போட்டிருப்பீர்கள். அது ரவுட்டருக்குள் இன்னொரு ரவுட்டராக உட்கார்ந்துகொண்டு வழியை மறிக்கிறது. கிளையண்டுக்கோ பிரிட்ஜுக்கோ மாற்றுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஹால் ரவுட்டரில் யுபிஎன்பி என்பதை ஆன் செய்யுங்கள், கன்சோல் கேட்கும் வழியை ரவுட்டர் தானாகத் திறந்துவிடும் வசதி அது.

அப்புறம் அந்த யுஎஸ்பி குச்சி. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாடி அறையில் வைஃபை இல்லாத பழைய டெஸ்க்டாப் ஏதாவது இருந்தால், குச்சியை அதில் செருகி, லேப்டாப்புக்குச் சொன்ன அதே ஷேரிங் முறையில் லேன் துளை வழியாக எக்ஸ்பாக்ஸுக்குக் கொடுக்கலாம்.