'%மர%' என்று தேடினால் மருத்துவ நூல்கள் ஏன் வருகின்றன?

கேள்வி இதுதான்: நூலகப் பட்டியல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. தலைப்பு லைக் '%மரம்%' என்று போட்டால் (லைக் என்பது ஒரு வடிவத்தைத் தேடும் கட்டளை, % உள்ள இடத்தில் எதுவும் வரலாம்) 'மரங்கள்', 'மரத்தடி' எல்லாம் விடுபடுகின்றன. '%மர%' என்று சுருக்கினால் மருத்துவ நூல்களும் சேர்ந்து வந்து கொட்டுகின்றன.

லைக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நம் கண்ணுக்கு 'ரு' ஓர் எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் அது 'ர', அதன் பின்னால் உகரக் குறி என இரண்டு. அதனால் மருத்துவம், மரியாதை, மருமகள் எல்லாவற்றின் தொடக்கத்திலும் ம, ர இரண்டும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. 'மணி' கூட மூன்று குறிகள். அடிக்கோடு (லைக்கில் அது ஏதாவது ஒரு குறியைக் குறிக்கும்) போட்டு எழுத்தை எண்ணித் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு '%மரம%' என்று கொடுங்கள். மரம், மரமும், மரமே மூன்றும் சிக்கும். உருபு சேர்ந்த வடிவங்களுக்கு '%மரத்த%', பன்மைக்கு '%மரங்க%'. இந்த மூன்றையும் 'ஆர்' (அல்லது) போட்டு இணைத்தால் பெரும்பாலானவை வந்துவிடும். சாமரமும் மரத்துப்போன காலும் கூடவே நுழையும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். கூடவே 'ஆண்டு >= 2000 ஆண்ட்' என்று ஒரு நிபந்தனை இருந்தால், ஆண்ட் (மற்றும்) ஆருக்கு முன்பே பிணைந்துகொள்ளும். அடைப்பு இல்லாவிட்டால் ஆண்டு வரம்பு முதல் லைக்குக்கு மட்டும்தான். மற்ற இரண்டிலும் பழைய நூல்கள் தாராளமாக வரும்.

அப்புறம் ஒரு தொல்லை. மரங்கொத்தி பற்றிய நூல் கண்ணெதிரே இருக்கும், '%கொத்தி%' என்று தேடினால் வராது. 'கொ'வில் உள்ள குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. 2020இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13ஆம் பதிப்பிலிருந்து இரண்டையும் ஒரே வடிவமாக்க நார்மலைஸ் என்ற செயற்கூறு உண்டு. பட்டியல் முழுவதையும் அதில் ஒருமுறை போட்டு எடுங்கள். தேடுபவர் தட்டும் சொல்லையும் அதன் வழியாகவே அனுப்புங்கள். ஆனால் 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று தட்டியிருந்தால் அது சரிசெய்யாது. ஔவையாரை இரண்டு விதமாகவும் தேடித்தான் ஆக வேண்டும்.

வேகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன்னால் % வந்தால் வழக்கமான இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) உதவாது, ஒவ்வொரு வரியாகத்தான் படிக்கும். சில ஆயிரம் நூல்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. லட்சக்கணக்கில் போனால் லைக்கை விட்டு, சொல் சொல்லாகத் தேடும் முழு உரைத் தேடலுக்கு மாறுவதே மேல். உருபுகளை வெட்டிப் பார்க்கும் தமிழ் ஸ்டெம்மர் 12ஆம் பதிப்பிலேயே உள்ளடங்கி வருகிறது.