கீழ்த்தளத்தில் வெந்நீர் வர ஒரு வாளி வீணாவது குறித்து

மொட்டைமாடிச் சூரிய வெந்நீர்த் தொட்டியைப் பெரிதாக்க வேண்டாம்; நாகர்கோவிலில் உங்கள் கீழ்த்தள வீட்டுக்கு இறங்கும் குழாய்தான் காரணமாக இருக்கக்கூடும். 25 மி.மீ. உள்விட்டக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் கொள்வதால், 30 மீட்டர் நீளமிருந்தால் இரவெல்லாம் ஆறிக்கிடந்த 15 லிட்டர்தான் நீங்கள் கொட்டும் முதல் வாளிப் பச்சைத் தண்ணீர்.

காலையில் வெந்நீர் வந்ததும் அடைத்து, அரைமணி கழித்துத் திறந்து பாருங்கள். அதற்குள் ஆறிவிட்டால் குழாய்க்கு நைட்ரைல் (செயற்கை ரப்பர்) நுரை உறை போடுங்கள். வெயில் படும் இடத்தில் மேலுறையும் வேண்டும், இல்லையேல் நுரை உதிர்ந்துவிடும்.

உறை இரவு முழுவதும் சூட்டைக் காக்காது. முதல் வாளி குறைய, உங்களுக்கென்று தனிக் குழாய் இறங்குமானால் அதை உள்விட்டம் குறைந்ததாக மாற்ற வேண்டும். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், வெயிலில்லாத நாட்களுக்காகக் கீசரைக் கழற்றிவிடாதீர்கள்.