ஐ.ஏ.எஸ். ஆசையும் பர்மா பாஸ்போர்ட்டும்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை மோல்மீனிலிருந்து மகளோடு ரங்கூன் வந்து, அனவ்ரதா சாலைக் காளி கோயிலில் அர்ச்சனை முடிந்ததும் முடியாததுமாக என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "இவள் இந்தியாவுக்குப் போய் ஐ.ஏ.எஸ். ஆக முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் தம்பி" என்றீர்கள். முடியாது என்றேன். அதைக் கேட்டு அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் மேற்கொண்டு பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு வார்த்தையோடு விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஐ.ஏ.எஸ். என்று ஒரு படிப்பு கிடையாது. ஏதாவது ஒரு பட்டம் வாங்கி, 21 வயது நிறைந்த பிறகு, யு.பி.எஸ்.சி. என்கிற ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வை எழுத வேண்டும். முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டம். ஏறக்குறைய ஒரு வருஷம் அதிலேயே ஓடிவிடும். தேறியவர்களைத்தான் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். (வெளியுறவுப் பணி), வருமான வரி, ரயில்வே, கணக்குத் தணிக்கை என்று ரேங்க்கைப் பார்த்துப் பிரித்து அனுப்புகிறார்கள். இதில் முதல் மூன்றுக்கும் இந்தியக் குடிமக்கள் மட்டுமே போக முடியும்.

"பர்மாக்காரர்களுக்குத் தனி விதி இருக்கிறதாமே" என்று சென்னையில் இருக்கும் உங்கள் தங்கை ஒரு ஏஜென்ட் சொன்னதாகச் சொன்னார் அல்லவா? அது முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். மற்ற பணிகளுக்கான தகுதியில் அப்படி ஒரு வரி நிஜமாகவே இருக்கிறது: பாகிஸ்தான், பர்மா, இலங்கை, கென்யா, உகாண்டா முதலிய நாடுகளிலிருந்து, இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறும் நோக்கத்தோடு வந்த இந்திய வம்சாவளியினர் தேர்வு எழுதலாம். ஆனால் வேலை கைக்கு வருவது இந்திய அரசு தரும் தகுதிச் சான்று கிடைத்த பிறகுதான். இந்த வரியில் நம் ஊர்ப் பெயர் இருப்பதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். 1960-களில் கடை, நிலம் எல்லாம் அரசுடைமை ஆன பிறகு, கையில் இருந்ததோடு கப்பலேறிப் போனார்களே நம் ஆட்கள், பர்மா பஜாரிலும் பர்மா காலனிகளிலும் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள், அவர்களைப் போன்றவர்களுக்கான ஏற்பாடு அது. படிப்பு முடிந்ததும் திரும்புகிறேன் என்று சொல்லி மாணவர் விசா வாங்கிப் போகிற பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும்? என்னிடம் பிறகு வந்த ஒரு பையன் இந்த ஒரு வரியை நம்பி இரண்டு வருஷம் பயிற்சிக் கட்டணம் கட்டியிருந்தான். விண்ணப்பத்தில் 'குடியுரிமை' என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் விழித்திருக்கிறான். கட்டணத்தை அந்த மையம் திருப்பித் தரவில்லை.

சரி, கசப்பு முடிந்தது. இனிமேல் சொல்வது பாப்பாவுக்கு.

நீ இந்திய அரசமைப்புச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினால் முகப்புரையை மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். பண்ணு, தப்பில்லை. ஆனால் நான் உனக்குச் சொல்லித்தர விரும்புவது இரண்டே சொற்கள்: 'குடிமக்கள்', 'எவரும்'. ஒவ்வொரு பிரிவிலும் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படி. 14-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் சமத்துவம்: எவருக்கும் உண்டு. 21-ஆம் பிரிவு, உயிரும் தனிமனிதச் சுதந்திரமும்: எவருக்கும் உண்டு. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிற 22-ஆம் பிரிவும் அப்படியே. பகை நாட்டவரும், தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்களும் மட்டும் அதில் விலக்கு. இப்போது 19-ஐப் பார். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை, எங்கும் குடியிருக்கும் உரிமை எல்லாம் குடிமக்களுக்கு. அரசு வேலையில் சம வாய்ப்பு தரும் 16-ஆம் பிரிவும் குடிமக்களுக்கு. ஓட்டு, நாடாளுமன்ற உறுப்பினர் பதவி, ஆளுநர், உச்ச நீதிமன்ற நீதிபதி, குடியரசுத் தலைவர், எல்லாமே குடிமக்களுக்கு.

நீ அங்கே இறங்கிய நிமிஷம் முதல் 'எவரும்' என்ற சொல்லுக்குள் நிற்பவள். அது சின்ன இடம் இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் இருந்த சக்மா மக்களை விரட்டப் பார்த்தபோது, 1996-ல் உச்ச நீதிமன்றம் இந்த 21-ஆம் பிரிவை வைத்துத்தான் அவர்கள் உயிரைக் காக்க வேண்டும் என்று மாநில அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால் எல்லையும் உண்டு. கல்லூரி வாசலில் நடக்கும் போராட்டத்தில் பதாகை பிடிக்க உன் தோழிக்கு உரிமை இருக்கும். உனக்கு அதே உரிமை இல்லை, விசாவே போகலாம். அம்மாவுக்கு இதைக் கேட்டு நிம்மதியாக இருக்கும், உனக்குக் கோபம் வரும். இரண்டும் நியாயம்தான்.

அடுத்தது, எந்த வேலை யாருடையது என்கிற கணக்கு. ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள்: ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவரும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியல். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை உருப்போடுவார்கள். உனக்கு இது நடைமுறை. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போனால், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கலெக்டர் ஆபீசில் போய் நின்றால் வேலை நடக்காது. ஏன்? குடியுரிமையும் வெளிநாட்டவரும் ஒன்றியப் பட்டியலில் 17-ஆவது பதிவு. அது டெல்லி உள்துறையின் கையில். பர்ஸ் தொலைந்தால் போகிற போலீஸ் ஸ்டேஷனோ மாநிலப் பட்டியலில் வருவது. இந்த வித்தியாசம் தெரியாமல் சென்னை வெயிலில் மூன்று அலுவலகம் ஏறி இறங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கல்வி எதில் இருக்கிறது தெரியுமா? தொடக்கத்தில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல் 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் என்ஜினியரிங் சேர பிளஸ் டூ மார்க் போதும், டாக்டருக்கு மட்டும் டெல்லியின் சட்டம் வைத்த நீட் என்ற கலாட்டாவின் வேர் அங்கேதான் இருக்கிறது. உன் சித்தி பையன் ஏன் இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து நீட் எழுதினான் என்று கேட்டாயே, அதற்குப் பதிலும் அதே இடத்தில்தான்.

நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம் என்ற மூன்றைப் பற்றி எல்லாப் பாடநூலும் சொல்லும், நான் நீட்டவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் அமைப்புகளைத்தான் நம் பிள்ளைகள் கவனிப்பதில்லை. தேர்தலை நடத்துவது 324-ஆம் பிரிவின்படி தேர்தல் ஆணையம். அரசின் கணக்கைத் தோண்டிப் பார்ப்பது 148-ஆம் பிரிவின்படி சி.ஏ.ஜி. என்கிற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ஆள் எடுக்கத் தேர்வு நடத்துவது 315-ஆம் பிரிவின்படி யு.பி.எஸ்.சி. ஒன்றியம் வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பரிந்துரைப்பது 280-ஆம் பிரிவின்படி நிதிக்குழு. சி.ஏ.ஜி. பதவி முடிந்த பிறகு ஒன்றிய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி வகிக்கக் கூடாது என்று சட்டமே கையைக் கட்டியிருக்கிறது. ஏன் கட்டினார்கள் என்று யோசி. நாளைக்கு வேலை தரப்போகிறவர் கணக்கை யார்தான் கறாராகப் பார்ப்பார்கள்? தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்க வேண்டுமானாலும், உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே கடினமான வழியில்தான் போக வேண்டும்.

எப்படிப் படிப்பது என்று கேட்டாய். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காதே. ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போ. தமிழ்நாட்டு மசோதாக்கள் சண்டையை எடுத்துக்கொள். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் நிறுத்தி வைத்தார். அவருக்கு அந்த வேலையைத் தருவது 200-ஆம் பிரிவு. மாநில அரசு வழக்குப் போட்டது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், முழு நீதி வழங்கத் தனக்குத் தனி அதிகாரம் தரும் 142-ஆம் பிரிவைக் கொண்டு, 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கெடுவும் வைத்தது. குடியரசுத் தலைவர் 143-ஆம் பிரிவின்கீழ் அதே நீதிமன்றத்திடம் 14 கேள்விகள் கேட்டார். நவம்பரில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, கெடு வைக்கவும் முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். சட்டமன்றம், ஆளுநர், குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்றம் நான்கும் ஒரே கதையில் வந்துவிட்டன பார். இதை ஒரு நோட்டில் உன் சொந்தத் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. அதைப் படித்துப் பார்த்தால் உனக்கு இந்தப் படிப்பு சரிவருமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா, இனி பிழைப்புக்கு வருகிறேன்.

"ஐ.ஏ.எஸ். இல்லையென்றால் வக்கீல்" என்று அடுத்து சொல்வீர்கள் என்று தெரியும். அதிலும் ஒரு முள் உண்டு. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பார் கவுன்சிலில் பதிவு செய்ய இந்தியக் குடியுரிமை கேட்கிறது. வெளிநாட்டவரை எடுக்கலாம்தான், ஆனால் அந்த நாடும் தகுதியுள்ள இந்தியர்களை வக்கீலாக நிற்க விட வேண்டும். ஆகவே கறுப்பு கோட்டை நினைத்துக்கொண்டு ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். சட்டத்தைப் படித்து ஆய்வு, மனித உரிமை அமைப்பு, கம்பெனிகளின் ஒப்பந்த வேலை என்று போவதாக இருந்தால், அது வேறு கணக்கு.

என்னைக் கேட்டால், உங்கள் மகளிடம் இருக்கும் சொத்து அவளுடைய பர்மிய மொழி. அவளுக்கே அது தெரியவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம், டியூஷனில் இங்கிலீஷ் என்று மூன்றும் சேர்ந்த ஆள் சென்னையில் தேடினாலும் கிடைக்காது. இந்தியாவுக்கும் நமக்கும் நடுவே 1,643 கிலோமீட்டர் எல்லை. மிசோரம், மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலம் நான்கும் அதில் நிற்கின்றன. அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் நம் நாட்டிலிருந்து போனவர்களின் வழக்குகளை டெல்லியில் ஐ.நா. அகதிகள் ஆணையம் கவனிக்கிறது. அங்கெல்லாம் இரண்டு மொழி தெரிந்தவர்களைவிட, இரண்டு மொழியோடு 'ரிட் மனு' என்றால் என்ன, மாஜிஸ்திரேட் யார், ஆணையம் யார் என்று தெரிந்தவர்களுக்கு மதிப்பு அதிகம். இன்னொன்று: வெளிநாட்டவருக்கு இந்தியா வேலை விசா தரக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கும், இங்கிலீஷ் தவிர மற்ற மொழி ஆசிரியருக்கும் அந்த வரம்பில் விலக்கு உண்டு. அதனால் என் யோசனை, அரசியல் அறிவியலில் பி.ஏ., கூடவே மொழிபெயர்ப்புப் பயிற்சி. மூன்று வருஷம் போதும். இந்தியக் கலாசார உறவுகள் மன்றம் (ஐ.சி.சி.ஆர்.) தரும் உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மெர்ச்சன்ட் தெருவில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் நேரிலும் விசாரியுங்கள். ஏஜென்ட் வேண்டாம்.

அவளுக்கு இந்தியாவின் சாசனம் அந்நியமாகவும் இருக்காது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்துதான் ஆளப்பட்டது. இரண்டையும் பிரித்த 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்துதான் இந்திய அரசமைப்பு நிறைய எடுத்துக்கொண்டது. இந்தியாவின் அரசமைப்பு நிர்ணய சபைக்கு ஆலோசகராக இருந்த பெனகல் நரசிங் ராவ்தான் 1947-ல் பர்மாவின் அரசமைப்பை எழுதவும் கைகொடுத்தார்.

அந்த 1935 சட்டத்தின் பெயர் இந்திய அரசமைப்பின் 8-ஆம் பிரிவிலும் வருகிறது. தானோ, தாய் தகப்பனோ, தாத்தா பாட்டியோ அந்தச் சட்டம் சொல்லும் இந்தியாவில் பிறந்து, வெளிநாட்டில் குடியிருப்பவர்கள், தூதரகத்தில் பதிந்தால் இந்தியக் குடிமக்கள் ஆகலாம் என்ற பிரிவு அது. உங்கள் தாத்தா ராமநாதபுரத்தில் பிறந்தவர் என்றீர்களே. 1950-ல் அவர் அப்படித் தகுதி உள்ளவராக இருந்தார் என்று காட்ட முடிந்தால், கொள்ளுப்பேத்தியான இவள் ஓ.சி.ஐ. என்கிற 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது குடியுரிமை இல்லை. ஓட்டும் இல்லை, அரசு வேலையும் இல்லை. ஆனால் ஆயுள் முழுக்க விசா கவலை தீரும். பத்திரிகை வேலை, ஆய்வு போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி அனுமதி கேட்பார்கள்.

எல்லாம் காகிதத்தில் நிற்கிறது. வீட்டில் பழைய தகரப்பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். தாத்தாவின் பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, ஊர்ப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும், பயப்படாதீர்கள். அடுத்த முறை வரும்போது நகல் மட்டும் கொண்டு வாருங்கள். ஒரிஜினல் பெட்டியிலேயே இருக்கட்டும், நானே கேட்டாலும் தராதீர்கள்.