புது ஸ்கூல் கட்டறீங்களா? சிறப்புக் குழந்தைங்களுக்கான இடம் பத்தி கேளுங்க

கேள்வி: சார், புது பில்டிங்ல சிறப்புக் குழந்தைங்களுக்குன்னு பின்னாடி தனி பிளாக் போட்டுடலாம், அமைதியா இருக்கும்னு இன்ஜினியர் சொல்றாரு. சரியா? (கரஸ்பாண்டென்ட்)

பதில்: வேண்டாம் சார். அந்த அமைதி யாருக்குன்னு அவரையே கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 16-வது பிரிவே மத்த பிள்ளைங்களோட சேர்ந்து படிக்கறதத்தான் சொல்லுது. ரிசோர்ஸ் ரூமை, அதாவது சிறப்பாசிரியர் தனியா சொல்லித் தர்ற ரூமை, கிரவுண்ட் ஃப்ளோர்ல, மத்த கிளாஸ்களுக்கு நடுவுலயே வைங்க, ஒரு பையன் இருபது நிமிஷம் போய்ட்டு கணக்கு பீரியடுக்கு திரும்பி வந்துடணும். படிக்கத் திணறுற எந்தப் பிள்ளையும் அங்க போகலாம்னு வச்சீங்கன்னா "அந்த ரூம்"ங்கற பேச்சும் குறையும்.

கேள்வி: பேஸ்மென்ட் தரையிலருந்து ரெண்டடி உயரம்ணே. ராம்ப் எவ்ளோ நீளம் வரும்? (கான்ட்ராக்டர்)

பதில்: 1:12 கணக்குல, அதாவது ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம்னா, 24 அடி தம்பி. இடமில்லன்னு எட்டடில முடிச்சா அது ராம்ப் இல்ல, சறுக்குமரம். நடுவுல திருப்பிப் போடு, திரும்பற இடத்துல அஞ்சடிக்கு அஞ்சடி சமதளம் விடு. அகலம் குறைஞ்சது 1200 மி.மீ., ரெண்டு பக்கமும் கைப்பிடி. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், தண்ணி தேங்காத இடத்துல எதுக்கு ரெண்டடி? ஓரடி போதும்னா 12 அடில முடிஞ்சுது. அப்புறம் அது மெயின் வாசல்லயே வரணும், கிச்சன் பக்கமா இல்ல.

கேள்வி: என் பொண்ணுக்கு 12 வயசு, செரிபிரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராது). இப்ப படிக்கற ஸ்கூல்ல டாய்லெட் தரையில படுக்க வச்சுதான் டயப்பர் மாத்தறேன். புதுசா கட்டும்போது என்ன கேக்கணும் சார்?

பதில்: அம்மா, இதத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. டாய்லெட்னா வெஸ்டர்ன் வச்சு பிடிச்சுக்க ஒரு கம்பி மாட்டினா முடிஞ்சுதுன்னு நெனப்பு. பெரிய பிள்ளை படுக்கற நீளத்துக்கு சுவரோரமா ஒரு பெஞ்ச் கேளுங்க, நீங்க குனியாம மாத்தற உயரத்துல, மேல ரெக்சின் மெத்தை, பக்கத்துலயே ஹேண்ட் ஷவர். உள்ள 1500 மி.மீ. வட்டம் காலியா இருந்தாத்தான் வீல்சேர் திரும்பும். கதவைத் திறந்தா 900 மி.மீ. வழி கிடைக்கணும், அது நிலையோட அளவு இல்ல, திறந்தப்புறம் மிஞ்சற வழி, இதுலதான் பாதிப் பேர் ஏமாறுறாங்க. கதவு வெளிப்பக்கமா திறக்கணும், உள்பக்கமா திறக்கற கதவுன்னா பிள்ளை விழுந்துட்டா அவ உடம்பே கதவை அடைச்சுக்கும். வாஷ்பேசினுக்கு கீழ பெடஸ்டல் வேண்டாம், முழங்கால் இடிக்கும். கம்பிய பிளாஸ்டிக் பிளக்ல மாட்டிட்டுப் போனா நம்பாதீங்க, நல்ல ஆங்கர் போல்ட் போடச் சொல்லி நீங்களே தொங்கிப் பாருங்க.

கேள்வி: காக்ளியர் இம்பிளான்ட் (காது கேக்க ஆபரேஷன் பண்ணி வைக்கற கருவி) போட்ட பையன், கிளாஸ்ல ஒரே எதிரொலி, நான் பேசறது அவனுக்குப் புரியல. தெர்மாகோல் ஒட்டலாமா? (சிறப்பாசிரியர்)

பதில்: தெர்மாகோல் சத்தத்தை உறிஞ்சாது டீச்சர், தீப்பிடிக்க மட்டும் நல்லா பிடிக்கும். பிரிட்டன்ல இந்த மாதிரி கிளாஸ்ல எதிரொலி 0.4 வினாடிக்குள்ள அடங்கணும்னு விதி இருக்கு. நம்ம டைல்ஸ் தரை, பூச்சு சுவர், கான்கிரீட் கூரைக்கு அதெல்லாம் தூரம்தான். பின்சுவர் முழுக்க துணி போர்த்துன சாஃப்ட்போர்ட், தரையில தேங்காய்நார் பாய், ஜன்னல்ல கனமான திரை. சத்தம் போடற ஃபேனை மாத்துங்க. ரூமும் ஜெனரேட்டர் பக்கம், ரோட்டுப் பக்கம் வராம பிளான்லயே தள்ளிடணும்.

கேள்வி: ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு சென்சரி ரூம்ல சுவர் பூரா கார்ட்டூன் வரையலாமா?

பதில்: வரையாதீங்க. சத்தம், வெளிச்சம் தாங்காம அவங்க தப்பிச்சு வர்ற இடம் அது. மங்கலான ஒரே கலர், பளபளக்காத தரை, லைட்டைக் குறைக்கற டிம்மர். வெளில தாழ்ப்பாள் கூடவே கூடாது, அப்புறம் அது தண்டனை ரூம் ஆயிடும்.

கேள்வி: லிஃப்ட்டுக்கு இப்ப காசில்ல சார்.

பதில்: லிஃப்ட் குழிக்கும் ஷாஃப்ட்டுக்கும் இப்பவே இடம் விட்டு கான்கிரீட் போடுங்க, பின்னாடி ஸ்லாபை வெட்டறது செலவு. அதுவரைக்கும் லேப், லைப்ரரி ரெண்டும் கீழ. ஆனா பிளான் அப்ரூவலுக்குப் போகும்போது அதே 2016 சட்டத்தோட 44-வது பிரிவப் படிச்சுட்டுப் போங்க, அணுகல் விதிப்படி இல்லாத பிளானுக்கு அனுமதியே தரக்கூடாதுன்னு இருக்கு.