கேளுங்கள், சொல்கிறேன்: கண்ணீரும் கணக்கும்

கேள்வி: எங்கள் வீட்டில் எந்த வாக்குவாதம் வந்தாலும் தம்பி புள்ளிவிவரங்களை அடுக்குவான், அக்கா கண்கலங்குவாள். ஜெயிப்பது அக்காதான். நியாயம் பேசும்போது உணர்ச்சியைத் தூண்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: தம்பிக்கு என் அனுதாபங்கள். ஆனாலும் அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1789இல் லண்டனில், அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் ‘புரூக்ஸ்’ என்ற கப்பலின் வரைபடத்தை அச்சிட்டுப் பரப்பினார்கள். கப்பலின் தளங்களில் மனிதர்களை எப்படி நெருக்கிக் கிடத்துவார்கள் என்று அளவெடுத்து வரைந்த படம். வசை இல்லை, ஒப்பாரி இல்லை. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். 1807இல் பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடை செய்ததில் அந்தத் தாளுக்கும் பங்கு உண்டு. உண்மையைப் பார்த்துப் பதறாதவரிடம்தான் ஏதோ கோளாறு என்பேன்.

உணர்ச்சியின் குறை வேறு: அதற்கு எண்ணத் தெரியாது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கையில் 5 டாலர் கொடுத்து நன்கொடை கேட்டார்கள். பசியில் வாடும் ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள். லட்சக்கணக்கானோரின் பட்டினியைப் புள்ளிவிவரமாகப் படித்தவர்கள் தந்தது 1.14. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் தொகை கூட வேண்டும்தானே? 1.43 ஆகச் சரிந்தது. ஆக, தம்பி அக்காவுக்குத் துணைக்கு வந்தாலும் காரியம் கெடும் போலிருக்கிறது!

அதற்காகத் தம்பியை நடுநிலையாளர் என்று எண்ணிவிடாதீர்கள். 1979இல் வெளியான, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சோதனை ஒன்றில், மரண தண்டனையை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் அதே இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனைக்குச் சாதகம், மற்றது பாதகம். தமக்குப் பிடிக்காத ஆய்வில் இரு தரப்பாரும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். படித்து முடித்தபோது அவரவர் கருத்தில் முன்னைவிட இறுகிப்போயிருந்தார்கள். புள்ளிவிவரத்துக்குப் பின்னாலும் பிடிவாதம் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: அப்படியானால் சார்பு இல்லாமல் யோசிக்க வழியே இல்லையா?

பதில்: முழுக்க இல்லாமல் ஆக்க வழி இருப்பதாக நான் நம்பவில்லை. குறைக்கலாம். அந்த மரண தண்டனைச் சோதனையின் தொடர்ச்சியாக 1984இல் வெளியான ஆய்வில், ‘பாரபட்சம் பார்க்காமல் படியுங்கள்’ என்று புத்தி சொன்னது பலிக்கவில்லை. ‘இதே ஆய்வு எதிர் முடிவைத் தந்திருந்தால், அப்போதும் இப்படித்தான் எடைபோட்டிருப்பீர்களா?’ என்று தம்மையே கேட்டுக்கொள்ளச் சொன்னது பலித்தது. தம்பியிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்கலாம். அக்காவிடம் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: ‘இதே துன்பம் நமக்குப் பிடிக்காதவருக்கு வந்திருந்தால் அழுதிருப்பாயா?’ அவள் அழுதுகொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம்.