சட்டத்தரணியை மாற்றும் கடிதத்துக்கு எந்த ஆங்கிலச் சொல்?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: “திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் நானும் அக்காவும் வழக்காளிகளாக உள்ள காணி வழக்கில் சட்டத்தரணியை மாற்றத் தீர்மானித்துள்ளோம். அக்காவின் மகன் லண்டனிலிருந்து வரைந்து அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தில் ‘வீ டிஸ்மிஸ் யூ’ என்று உள்ளது. இது சரியா?”

இலக்கணப்படி பிழையில்லை, ஆயினும் அப்படியே அனுப்ப வேண்டாம். டிஸ்மிஸ் என்றால், குற்றம் கண்டு ஊழியரை வேலையால் நிறுத்தியதாகவே பலரும் வாசிப்பார்கள். நீதிமன்றத்திலோ அது வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கான சொல். வழக்கு இலக்கத்துக்குக் கீழே அதைக் காண்பவர் வேறு விதமாக விளங்கிக்கொள்ள இடமுண்டு. டிஸ்சார்ஜ் அமெரிக்காவில் வழக்கமானதுதான், ஆனால் எதிரியை நீதிமன்றம் விடுவிப்பதற்கும் அதையே சொல்வதால் நான் தவிர்ப்பேன். வித்ட்ரோ, சட்டத்தரணி தாமாக விலகுவதைக் குறிக்கும். டிஸ்பார் என்பதை மறந்தும் எழுதக்கூடாது. சட்டத்தரணியின் பெயரைப் பதிவிலிருந்து நீக்குவது உயர் நீதிமன்றத்தின் அதிகாரம்.

கடிதத்துக்கு உகந்த சொல் டேர்மினேட். அதற்குப் பின் ‘யூ’ வரக்கூடாது, ‘யுவர் சேர்விசஸ்’ என்றே வரவேண்டும். நீங்கள் முடிப்பது அவரிடம் ஒப்படைத்த பணியைத்தான். ‘இன் திஸ் கேஸ்’ என்பதையும் வழக்கு இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள், ஏனெனில் அதே சட்டத்தரணி நொத்தாரிசாக உங்கள் வேறொரு காணிக்கு உறுதி எழுதிக்கொண்டிருக்கவும் கூடும்.

இனி, சொல்லைவிட முக்கியமானது ஒன்று. அந்தக் கடிதத்தால் மட்டும் அவருடைய பொறுப்பு நீதிமன்றத்தில் முடிந்துவிடாது. நீங்கள் கையொப்பமிட்டுக் கொடுத்த புறொக்சி, அதாவது சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரம், வழக்குக் கோவையில் இருக்கும்வரை, வழக்கில் உங்களுக்காகப் பதிவான சட்டத்தரணி அவரே. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 27ஆம் பிரிவின்படி, அவருக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதியுடன், கட்சிக்காரர் கையொப்பமிட்ட எழுத்துமூலமே அதை நீக்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் ரிவோக் என்பதே சட்டத்தின் சொல். வேறு சொல்லைத் தேட வேண்டியதில்லை. திருகோணமலையில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால், அந்தப் பத்திரத்தில் ‘இரத்துச் செய்கிறேன்’ என்று தமிழிலேயே எழுதலாம்.

அக்காவும் புறொக்சியில் கையொப்பமிட்டிருந்தால், உங்கள் கையொப்பம் அவருக்காகச் செல்லாது. அவரும் லண்டனில் இருந்தால், பத்திரத்தைப் புதிய சட்டத்தரணியைக் கொண்டு வரைவித்து, அவர் கையொப்பமிட்டு அடுத்த தவணைக்கு முன் திரும்பி வந்து சேரும்படி இப்போதே அங்கு அனுப்பிவிடுங்கள்.