இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரின் பிரெட்டோரியா நீரூற்று, அது நிற்கும் சதுக்கத்துக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருப்பது ஏன்?

உங்கள் கண் ஏமாறவில்லை. அந்த நீரூற்று அந்த இடத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

1554-இல் சிற்பி பிரான்செஸ்கோ கமில்லியானி இதைப் புளோரன்ஸில் தொடங்கினார். செய்யச் சொன்னவர் லூயிஜி தெ தொலேதோ. நேப்பிள்ஸ் வைஸ்ராயின் மகன், புளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட எலியனோராவின் சகோதரர். தன் தோட்டத்து மரம் செடிகளுக்கு நடுவே, நிதானமாக நடந்து பார்க்கத்தான் இதைக் கேட்டார்.

அப்புறம் அதை விற்கும் நிலை வந்தது. 1573-இல் பலெர்மோ நகர சபை வாங்கிக்கொண்டது. மறு ஆண்டே 644 துண்டுகளாகக் கழற்றிக் கடல்வழியாகச் சிசிலிக்கு அனுப்பினார்கள். சில சிற்பங்கள் வழியில் சேதமாயின, சில வந்தே சேரவில்லை. இடம் வேண்டுமே? நகரின் நடுவில் இருந்த வீடுகளை இடித்தார்கள்.

துண்டுகளைத் திரும்பப் பொருத்தியவர் பிரான்செஸ்கோவின் மகன் கமில்லோ. அப்பா செய்ததை மகன் கூட்டிச் சேர்த்தது எனக்குப் பிடித்த பகுதி. ஆனால் அவர் பழையபடியே பொருத்தவில்லை. விடுபட்டதை ஈடுகட்டினார், அமைப்பையும் மாற்றினார். ஓரெதோ, பாப்பிரெதோ என்று பலெர்மோவின் ஆறுகளே இப்போது அங்கே சிலைகளாகச் சாய்ந்திருக்கின்றன.

தோட்டத்து மறைவில் யாரையும் உறுத்தாத நிர்வாணச் சிலைகள், தேவாலயமும் கன்னிமாடமும் சூழ்ந்த சதுக்கத்தில் உறுத்தத்தானே செய்யும்? ஊரார் அதற்கு 'வெட்கச் சதுக்கம்' என்று பெயர் வைத்தார்கள். சரி, வெட்கம் சிலைகளைப் பார்த்தல்ல, பக்கத்திலேயே இருக்கும் நகர சபையின் ஊழலைப் பார்த்துத்தான் என்று சொல்பவர்களும் உண்டு.